சங்கச் சீட்டும் தகுதிச் சான்றும்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி சாலையில் கிழக்கே வந்தால், கணியூர் சுங்கச்சாவடி தாண்டியதும் கருமத்தம்பட்டி. 2021-இல் நகராட்சியான ஊர். தெற்கே திரும்பினால் சோமனூர், வடக்கே போனால் அன்னூர். சோமனூர்ப் பக்கம் திரும்பினால் விசைத்தறிச் சத்தம் காதை விட்டு அகலாது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, உடல் பருமன் என்று வந்துவிட்டால் ஆலோசனை சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் ‘டயபடீஸ் எஜுகேட்டர்’ என்று அட்டை மாட்டியவர் இருப்பார். காலையில் ஷேக் கலக்கிக் கொடுத்து எடை பார்த்து அனுப்பும் ‘வெல்னஸ் கோச்’ இருப்பார். மாத்திரைப் பையும் பி.பி. கருவியுமாக வீடு வீடாக வரும் மகளிர் தன்னார்வலர் இருப்பார். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பார்.

இவர்களில் சிலருடைய சுவரில் சட்டம் போட்ட தாள் தொங்கும். தங்கநிறக் கரை, முத்திரை, இரண்டு கையெழுத்து. ஒன்றில் ‘ஆயுள் உறுப்பினர்’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘சான்றளிக்கப்பட்டவர்’ என்று இருக்கும். நோயாளியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் தாள் சந்தா கட்டினால் வருவது. இரண்டாவது, ஒழுங்காக வழங்கப்பட்டிருந்தால், தேர்வு எழுதித் தேறினால் வருவது. ஒழுங்காக வழங்கப்படாவிட்டால் அதுவும் சந்தாத் தாள்தான், பெயர் மட்டும் வேறு.

இந்த வேறுபாட்டைச் சோமனூர்க்காரருக்கு விளக்கத் தேவையே இல்லை. கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்களுக்குச் சங்கம் உண்டு. 2022-இன் தொடக்கத்திலும் 2025-இலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் அவர்கள் வாரக்கணக்கில் தறியை நிறுத்திக் கூலி உயர்வு கேட்டபோது பேசியது சங்கம். ஆனால் நெய்து கொடுத்த துணியில் இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது பாவும் நூலும் கொடுத்த ஜவுளி உற்பத்தியாளரின் வேலை. சங்கத்துக்காரர் நெய்தது என்பதால் எந்தத் துணியும் பார்வையிலிருந்து தப்பாது. சங்கத்தில் இல்லாதவர் நெய்தது என்பதால் நல்ல துணி கெட்டதாகிவிடாது. சங்கம் தன் ஆட்களுக்குப் பதில் சொல்கிறது, சோதனை துணியை வாங்குபவருக்குப் பதில் சொல்கிறது. இரண்டும் வேண்டும், இரண்டையும் ஒரே கை செய்யக் கூடாது.

மருத்துவத்தில் இந்தப் பிரிவினை நம் மாநிலத்தில் நூறாண்டு பழசு. மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-இல் வந்தது. இந்திய மருத்துவச் சங்கம் 1928-இல் உருவானது. டாக்டர் ஒருவர் சங்கத்தில் சேராமலே ஆயுள் முழுக்கத் தொழில் செய்யலாம், மருத்துவக் கவுன்சில் பதிவு இல்லாமல் ஒரு நாள்கூடச் செய்ய முடியாது. செவிலியர்களுக்கோ சங்கம் முந்திக்கொண்டது. பயிற்சி பெற்ற செவிலியர்களின் அகில இந்தியச் சங்கம் 1908-ஐச் சேர்ந்தது, மதராஸ் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் 1926-ஐச் சேர்ந்தது. எது முந்தினாலும் முடிவு ஒன்றுதான்: கூடிப் பேச ஓர் அமைப்பு, தகுதி பார்த்துப் பெயர் பதிய வேறோர் அமைப்பு.

நோயைப் பற்றி மக்களுக்குக் கற்பிக்கும் சுகாதாரக் கல்வியாளருக்கு இந்த இரண்டும் சரியாக வாய்க்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதன் நல்ல பகுதி நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நோய் தடுக்க மக்களுக்குக் கற்பிப்பதும் அரசின் வேலை என்று அழுத்திச் சொன்னது. பத்தாண்டு கழித்து, 1956-இல், தில்லியில் மத்திய சுகாதாரக் கல்விப் பணியகம் தொடங்கியது. அதே ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் பொதுச் சுகாதாரச் சங்கமும் உருவானது. பணியகம் ஒருபுறம், சங்கம் ஒருபுறம். நடுவில் ஊருக்குள் இறங்கிக் கற்பிக்க ஆள் வேண்டுமே, அந்த ஆளை யார் தயார் செய்வது?

அந்த வேலையைக் காந்திகிராமம் கையில் எடுத்தது. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து, கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் பணிகளுக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களைச் சுற்றிய டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1959-இல் மத்திய அரசு, சென்னை மாநில அரசு, ஃபோர்டு அறக்கட்டளை மூன்றும் துணைநிற்க, ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் அங்கே ஆரம்பமானது. இந்த ஆத்தூர் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர். சேலத்து ஆத்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1964-இல் காந்திகிராமக் கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் தனியாக நிலைகொண்டது. சுகாதாரக் கல்விக்கென்று பட்டயப் படிப்பு நடத்தி, தென்மாநிலங்களுக்கு ஆள் அனுப்பிய இடங்களில் முதன்மையானது இதுதான்.

அதே காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் தடம் மாறிக்கொண்டிருந்தது. மருத்துவமனையைத் திறந்துவைத்துவிட்டு மக்கள் வருவார்கள் என்று காத்திருந்தது போதும், நாமே ஊருக்குள் போய்ப் பேசுவோம் என்று 1963 வாக்கில் முடிவானது. வட்டார விரிவாக்கக் கல்வியாளர் என்ற பணியிடம் அப்படி வந்தது. ஒன்றியத்துக்கு ஒருவர். ஊர்த் தலைவரைப் பார்ப்பது, மாதர் சங்கத்தில் பேசுவது, படம் காட்டுவது, கீழ்நிலைப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல ஏற்பாடு. அதில் ஒரு விதை விஷமாயிற்று: அவர் வேலையை அளந்த அளவுகோல், எத்தனை பேருக்குக் கருத்தடை ஆயிற்று என்ற இலக்கு எண்ணாக மாறிப்போனது. மக்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கற்பிப்பவரின் தகுதியை இலக்கு எண்ணால் அளக்கத் தொடங்கினால், தகுதிச் சான்று எதற்கு? கல்வியாளர் என்ற தொழில் அடையாளம் அரசுப் பணிப்பெயருக்குள் கரைந்துவிட்டது. அவர்களுக்கு ஊழியர் சங்கம் இருந்தது. பதவி உயர்வு, ஊதியக் குழு முரண்பாடு ஆகியவற்றை அது பேசியது, பேசவும் வேண்டும். தொழிலின் தரத்தைப் பேச ஓர் இடம் உருவாகவில்லை.

அமெரிக்காவில் இந்தக் கதை வேறு வரிசையில் நடந்தது. பொதுச் சுகாதாரக் கல்வியாளர்களின் சங்கம் அங்கே 1950-இல் பிறந்தது. சஞ்சிகை நடத்துவது, மாநாடு கூட்டுவது, சட்டமன்றங்களில் வாதாடுவது என்று கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த பிறகுதான், பள்ளியில் கற்பிப்பவர், ஆஸ்பத்திரியில் கற்பிப்பவர், ஊருக்குள் கற்பிப்பவர் எல்லோரும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. 1978-இல் பெதஸ்தா நகரில் கூடி இதை விவாதித்தார்கள். அங்கிருந்து பத்தாண்டு, தேர்வு வைக்கவில்லை. இந்த வேலையைச் செய்பவர் உண்மையில் அன்றாடம் என்னென்ன செய்கிறார் என்று பட்டியல் எடுத்தார்கள்: தேவையைக் கண்டறிவது, திட்டமிடுவது, நடத்துவது, பலன் பார்ப்பது, இப்படி. பட்டியல் தேறிய பிறகே 1988-இல் தனிச் சான்றளிப்பு ஆணையம், 1990-இல் முதல் தேர்வு. இடையில், அனுபவம் உள்ள பழையவர்களுக்குத் தேர்வின்றிச் சான்று கிடைக்க ஒரு வாசல் திறந்துவைத்தார்கள். தேர்வில் இப்போது 165 கேள்விகள். சான்று ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். அந்த ஐந்தாண்டில் 75 மணி நேரம் தொடர்கல்வி காட்டினால்தான் புதுப்பிப்பு.

சர்க்கரை நோய்க் கல்வியாளர்களும் அங்கே அதே பாதையில் போனார்கள். சங்கம் 1973-இல், சான்றளிப்பு வாரியம் 1986-இல். இரண்டும் தனித்தனி அமைப்புகள், தனித்தனிக் கணக்குகள். சங்கத்தில் இருந்தால் தேர்வில் சலுகை மதிப்பெண் கிடையாது, சான்று வைத்திருப்பவர் சங்கத்தில் சேர வேண்டிய கட்டாயமும் கிடையாது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது காலாவதித் தேதியை. உறுப்பினர் சீட்டு ‘ஆயுள்’ என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. அறிவுக்கு ஆயுள் சந்தா கிடையாது. இருபது ஆண்டுக்கு முன் சர்க்கரை நோயாளிக்குச் சொல்லிய உணவுப் பட்டியலை இன்றும் அப்படியே சொல்பவர் எத்தனையோ பேர். காலாவதி இல்லாத ‘சான்று’ ஒன்றைக் கண்டால், அதைச் சங்கச் சீட்டின் வரிசையில் வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் நடைமுறை இன்னும் கலங்கலாகவே இருந்தது. இந்திய உணவியல் சங்கம் தானே உறுப்பினரையும் சேர்க்கிறது, ‘பதிவுபெற்ற உணவியலாளர்’ என்ற தேர்வையும் தன் குடையின் கீழ் நடத்துகிறது. அந்தத் தேர்வு மதிப்புள்ளது, ஆஸ்பத்திரிகள் அதைக் கேட்டு வேலை கொடுக்கின்றன. சட்டம் எதுவும் இல்லாத காலத்தில் சங்கமே அந்தச் சுமையைத் தூக்கியது பாராட்டத் தக்கது. இருந்தாலும் ஓர் அமைப்பு தன் உறுப்பினர்களைத் தானே தேர்ச்சி பெற்றவர்கள் என்று அறிவிக்கும்போது, புகார் வந்தால் எந்தப் பக்கம் நிற்கும் என்ற ஐயம் எழத்தான் செய்யும். சர்க்கரை நோய்க் கல்வியில் நிலைமை இன்னும் தளர்ந்தது. வார இறுதியில் முடிகிற பயிற்சி, மருந்து கம்பெனி செலவில் நடக்கிற பயிற்சி, கைப்பேசியிலேயே முடிகிற பயிற்சி எல்லாமே ‘சான்றிதழ்’ கொடுக்கின்றன. சில உண்மையிலேயே நன்றாக நடத்தப்படுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எது எது என்று தெரியாது.

இந்த நிலையில்தான் 2021 மார்ச் 28 அன்று தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணித் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். டாக்டர், பல் டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் நீங்கலாக மற்ற சுகாதாரப் பணியாளர்களைப் பத்து வகையாகப் பிரித்து, அவர்களுக்கு ஆணையம், மாநிலக் கவுன்சில், பதிவேடு எல்லாம் வேண்டும் என்று சொல்லும் சட்டம். அட்டவணையில் சமூகப் பராமரிப்பு, நடத்தை அறிவியல் என்ற வகையின் கீழே போய்ப் பார்த்தால் சுகாதாரக் கல்வியாளரும் ஆலோசகரும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க் கல்வியாளரும் தாய்ப்பால் ஆலோசகரும் அதே வரியில். மாநிலங்கள் தூங்கியதைப் பார்த்து 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதித்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னது.

நல்ல செய்திதான். சட்டத்தின் வரையறையில் ஒரு முள் இருக்கிறது. துணைச் சுகாதாரத் தொழிலர் என்று பெயர் பெற, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய, 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும். சுகாதாரப் பணித் தொழிலர் என்றால் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரம். காந்திகிராமத்தில் நடக்கும் சுகாதார மேம்பாட்டுக் கல்விப் பட்டயம் பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் படிப்பு. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று வந்து, களப்பயிற்சியோடு ஓராண்டு படித்தவர், ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் வரையறைக்கு வெளியே நிற்பார். சட்டத்துக்கு முன்பே தொழிலில் இருந்தவர்கள் பதிந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். வருங்காலத்தில் படிக்க வருபவர்களை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஆணையம் தெளிவாக விதி எழுதியாக வேண்டும். அறுபது ஆண்டாக இந்தத் தொழிலுக்கு ஆள் தயாரித்த படிப்பைத் தகுதியில்லாததாக ஆக்கிவிட்டு, நேற்று முளைத்த மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்றுக்கொண்டால் அது விபரீதம்.

அதைவிடப் பெரிய முள், கல்லூரிப் பக்கமே போகாமல் இந்த வேலையைச் செய்பவர்கள் பற்றியது.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இது தேவைப்பட்டதற்குக் காரணம் 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் இருக்கிறது: பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, நூற்றுக்கு 17-க்கு மேல் சர்க்கரை. கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு, சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. நோய் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களில் பலர் மருந்தைத் தொடரவில்லை. மருந்து வீட்டுக்கு வந்தால் ஒரு தடை நீங்கும். அதை எப்படி, எப்போது, எத்தனை காலம் சாப்பிடுவது என்பது அடுத்த தடை. அங்கேதான் தன்னார்வலர் கல்வியாளராகிறார், பெயர் அப்படி இல்லாவிட்டாலும்.

விசைத்தறி வட்டாரத்தில் அவர் காதில் விழும் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இருக்காது. “ஏனுங்க்கா, நைட் ஷிப்டு முடிச்சு காலைல வந்து படுத்துருவனுங்க. மாத்திரைய எப்பப் போடறதுங்க?” இதற்கு ‘காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்’ என்ற பதில் உதவாது, ஆபத்தாகவும் முடியலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோவது அரிது. கிளிபென்கிளமைடு, கிளிமெப்பிரைடு போன்றவை வேறு ரகம். அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். எந்த மாத்திரை எந்த ரகம், எதைத் தானே சொல்லலாம், எதை டாக்டரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் கல்வியாளரின் தகுதி. இரவெல்லாம் டீயும் போண்டாவுமாக ஓட்டுகிறவருக்கு, கம்மங்கூழும் ராகிக் களியும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. எவ்வளவு என்றும் சொல்ல வேண்டும், களியும் மாவுச்சத்துதான்.

இன்னொன்று, தறிச் சத்தத்தில் பல ஆண்டு நின்றவர்களுக்குக் காது மந்தமாகியிருக்கும். அவர்கள் தலையை ஆட்டுவார்கள், பாதி கேட்டிருக்காது. அதனால் கேட்டவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வது இங்கே அவசியமான உத்தி. “நான் சொன்னத ஒருக்கா நீங்க சொல்லுங்க பாக்கலாம்” என்று கேட்கத் தெரிந்த தன்னார்வலர், கேட்கத் தெரியாத பட்டதாரியைவிட மேல். இதைத் தேர்வு வைத்துக் கண்டுபிடிக்க முடியும். வழக்கமான வினாத்தாளால் முடியாது, வாசற்படியில் வைத்துப் பார்த்தால் முடியும்.

கற்பித்தலால் நோய் குறையுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நம் பகுதி ஆய்வுகளே பதில் சொல்கின்றன. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேர் பங்குகொண்டார்கள். மூன்றாண்டில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி பற்றித் தொடர்ந்து கற்பிக்கப்பட்ட பிரிவில் 39.3 சதவீதம். இதில் மாத்திரை மட்டும் பெற்ற பிரிவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே இரண்டாண்டு நினைவூட்டினார்கள். செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழுவினரும் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து 578 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வகுப்பு நடத்தினார்கள், தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மினும் சேர்த்தார்கள். நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது.

கேரளத்தில் வேறு மாதிரி பார்த்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஊர்க்காரர்களிலிருந்தே குழுத் தலைவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியாக 1,007 பேரிடம் வேலை செய்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: மது அருந்துவது குறைந்தது, உணவுப் பழக்கம் மாறியது, சர்க்கரை நோய் வருவது மட்டும் புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்குக் குறையவில்லை. இதை வைத்து ஊர்க்காரருக்குக் கற்பிக்கத் தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சென்னை ஆய்வில் இருந்தவர்களைப் போல நோயின் விளிம்பில் இருந்தவர்கள் அல்லர். ஆபத்து குறைவானவர்களும் கலந்திருந்தார்கள். எனக்குத் தெரிவது இவ்வளவு: ஆர்வம் மட்டும் போதாது. ஒழுங்கான பாடத்திட்டம், திரும்பத் திரும்பச் சந்திப்பு, பின்னால் டாக்டரின் துணை ஆகியவை சேர்ந்த இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. சான்று என்று ஒன்று கொடுப்பதானால், இந்த ஒழுங்கு ஒருவரிடம் இருக்கிறதா என்றுதான் அது சொல்ல வேண்டும்.

சான்றே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1962-இல் எழுதிய நூலில் தொழில் கட்டுப்பாட்டை மூன்று படியாகப் பிரித்தார். வெறும் பதிவு, சான்று, உரிமம். பதிவு என்றால் பெயரை எழுதிவைப்பது. சான்று என்றால் இவர் தேர்ந்தவர் என்று சொல்வது, தேராதவரும் தொழில் செய்யலாம். உரிமம் என்றால் தேராதவர் தொழிலே செய்யக் கூடாது. உரிமம் தொழிலில் இருப்பவர்களின் வருமானத்தைக் காக்கும் வேலி என்பது அவர் குற்றச்சாட்டு. டாக்டருக்குக்கூட உரிமம் வேண்டாம் என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்கவில்லை. சுகாதாரக் கல்விக்கு அவர் எச்சரிக்கை பொருந்தும். ‘சர்க்கரைக்காரர் என்ன சாப்பிடலாம்’ என்று பேசவே உரிமம் வேண்டும் என்று ஆகிவிட்டால், முதலில் வாய் மூடுவது ஷேக் விற்பவர் அல்லர். அவர் வேறு பெயரில் கடையைத் திறப்பார். வாய் மூடுவது தன்னார்வலரும் அங்கன்வாடி ஊழியரும்தான்.

சான்றுக்குப் பணம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், கணினி வேண்டும் என்றாலும் அதே கதைதான். சுய உதவிக் குழுவிலிருந்து வந்து, ஊக்கத்தொகையில் வேலை பார்க்கும் பெண்ணால் ஆயிரக்கணக்கில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாது. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்தவர் ஆங்கில வினாத்தாளில் தோற்றால், அது அவருடைய சுகாதார அறிவைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்தியாவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்களான ஆஷா பணியாளர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் சான்றளிக்கிறது. களத்தில் கற்றதையும் பயிற்சியில் கற்றதையும் மதிப்பிட்டுத் தரும் சான்று அது. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் குறைவு, அந்த இடத்தில் நம் செவிலியரும் தன்னார்வலரும் நிற்கிறார்கள். முன்மாதிரியை எடுத்துக்கொள்வதில் தடை இல்லை.

சங்கத்தின் இடம் எது என்று கேட்டால், கவுன்சிலின் எதிர்நாற்காலி. தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகை போதவில்லை என்றால், பயணப்படி இல்லை என்றால், நாய் துரத்துகிற சந்தில் தனியாகப் போகச் சொன்னால் அதைப் பேச ஒரு சங்கம் வேண்டும். பாடத்திட்டம் எழுதும்போது களத்துக் குரலாக அது உள்ளே உட்கார வேண்டும். நல்ல சங்கம் தொடர்கல்வி வகுப்பும் நடத்தலாம். தேறினார், தேறவில்லை என்று எழுதும் பேனா மட்டும் அதனிடம் இருக்கக் கூடாது. பயிற்சிக்குப் பணம் கொடுக்கும் மருந்து கம்பெனியிடமும் அது இருக்கக் கூடாது. தான் விற்கும் மாத்திரையைப் பற்றிக் கற்பிப்பவருக்குத் தானே தகுதிச் சான்று கொடுப்பது முறையல்ல.

தமிழ்நாட்டின் மாநிலக் கவுன்சில் சுகாதாரக் கல்வியாளர் என்ற வரிக்கு விதி எழுதும்போது செய்யக்கூடியது இது. பட்டதாரிகளுக்கு ஒரு நிலை, களப்பணியாளருக்கு ஒரு நிலை என்று இரண்டு படி வைக்கட்டும். காந்திகிராமப் பட்டயத்தை மணிக்கணக்குக்குப் பலியிடாமல் முதல் படியில் ஏற்கட்டும். இரண்டாம் படிக்குத் தேர்வைத் தமிழில், கட்டணமின்றி, அந்தந்த ஒன்றியத்திலேயே, ஒரு வீட்டு வாசலில் ஒரு நோயாளியின் முன்னிலையில் வைக்கட்டும். அதற்கு முன்னால், பெதஸ்தாவில் தொடங்கியவர்கள் செய்ததைப் போல, மகளிர் தன்னார்வலர்கள் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார்கள் என்று நம் பக்கத்துச் சூலூர் ஒன்றியத்தைப் போன்ற ஓரிடத்தில் கூடவே நடந்து பட்டியல் எடுக்கட்டும். சான்றுக்கு ஐந்தாண்டு ஆயுள் போதும். புதுப்பிக்கும் பயிற்சியை அரசே தன் செலவில் கொடுக்க வேண்டும். நாள்கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அன்றைய ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.